பதினெட்டு வருஷம் கன்னத்தில் கமர்கட்டு

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நாற்காலியில் மல்லாந்த வாக்கில் நான். தலைமாட்டில் பல் டாக்டரம்மா. அவர் பக்கத்தில், எச்சில் உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற உதவிப் பெண். கதவோரம் பிளாஸ்டிக் ஸ்டூலில் என் மகள். அவள் தோளில் கை போட்டுக்கொண்டு என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரருடைய தம்பி பொண்டாட்டி. வீட்டுக்காரர் எண்ணூர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். அவர் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

ஐந்தாவது ஆளை நான் கூப்பிடவில்லை. இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்கு மட்டும் என் வாயைத் திறந்து காட்டக் கூடாது என்று வைத்திருந்தேன் என்றால், அது அவள்தான். மகள்தான் போன் போட்டிருக்கிறாள். "அம்மா பயந்துகினு கீது, நீ வா சித்தி." பயம் எனக்கு இருந்தது நிஜம். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து அவள் இல்லை.

கீழ்வரிசையில் முன்பக்கம் நாலு பல் ஆடிக்கொண்டிருந்தது. மகளுக்கு நிச்சயதார்த்தம் வைக்க இன்னும் இருபத்தாறு நாள். நாலு பல்லும் அதுவரை நிற்குமா, நிற்காதா? என் கேள்வி அவ்வளவுதான். தட்டு மாற்றும்போது சம்பந்தியம்மா முன்னால் நான் சிரிக்க வேண்டும். போட்டோவில் என் பக்கத்தில் சின்னவள் நிற்பாள். எங்கள் வீட்டில் என்னைப் பெரியவள் என்றும் அவளைச் சின்னவள் என்றும்தான் சொல்வார்கள். ஆனால் வயசில் ரெண்டு பேரும் ஒன்று. அவள் சிரித்தால் கடைவாய் வரைக்கும் தெரியும். ஒரு பல் குறையாது.

நான் எதற்கும் பயப்படுகிற ஜென்மம். பக்கத்துக் கெமிக்கல் கம்பெனியில் சைரன் ஊதினால் என்ன கசிந்ததோ என்று ஜன்னலை மூடுவேன். கேஸ் சிலிண்டரை ரெண்டு தரம் திருகிப் பார்ப்பேன். ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனதால், யாராவது காகிதத்தை நீட்டினால் அதில் என்ன பொல்லாப்பு எழுதியிருக்குமோ என்று மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வேன். அந்த ஆறு மாதமாகக் காலையில் கண் திறப்பதற்கு முன்னாலேயே நாக்கால் பல்லை எண்ணிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. நாலும் இருக்கிறதா? இருக்கிறது. சரி, எழுந்திரு.

சின்னவளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது என்று எழுத இப்போது வெட்கம் ஒன்றும் இல்லை. எரிந்தது. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறப்பாள். பூ கட்டும்போது நூலைப் பல்லால் அறுப்பாள். கடற்கரையில் மிளகாய்த்தூள் போட்ட கொய்யாக்காயை வாங்கி, அறுத்துத் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டால், "எதுக்குண்ணா, பல்லு இன்னாத்துக்கு கீது?" என்று அப்படியே ஒரு கடி கடிப்பாள். கறுக்கென்று அந்தச் சத்தம் கேட்கும். என் ஈறில் யாரோ ஊசி வைத்த மாதிரி இருக்கும்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை ஞாயிற்றுக்கிழமை நண்டு. ரெண்டு குடும்பமும் ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருக்கிறோம். ஞாயிறு மட்டும் ஒரே சட்டி. நண்டுக்காலை உடைத்துக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. மகள் சின்னதாக இருந்தபோது நான் கடைவாயில் வைத்து நொறுக்கி, ஓட்டை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கிற வெள்ளைச் சதையை அவள் வாயில் வைப்பேன். குருவிக்குஞ்சு மாதிரி காத்துக்கொண்டிருப்பாள். போன வருஷம் ஒரு ஞாயிறு ஒரு காலை வாயில் வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். கடிக்க முடியவில்லை. மகள் தட்டை நகர்த்தி, "சித்தி, உடைச்சி குடேன்" என்றாள். அவள் உடைத்தாள். மகள் சாப்பிட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பெண்ணையே பல்லால் வாங்கிவிட்டாள் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே கடையில் வாங்கும் பற்பசை, ஒரே வேலை. அவளுக்கு மட்டும் எப்படி? அதுதான் என்னைக் குடைந்தது.

வேலை என்றால் இறால் உரிப்பது. காசிமேட்டுப் பக்கம் ஒரு ஷெட். காலையில் ஐஸ் போட்ட இறால் கூடை கூடையாக வந்து மேசையில் கொட்டும். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை எடுத்துப் போட வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. எவ்வளவு சீக்கிரம் உரிக்கிறோமோ அவ்வளவு காசு. கை முழுக்க இறால் தண்ணீர். விரல் ஐஸில் விறைத்துப் போயிருக்கும். அந்தக் கையால் எதையும் வாயில் வைக்க முடியாது. கழுவிவிட்டு வந்தால் நேரம் போச்சு. அதனால் எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. டீ கொண்டு வருகிற அக்கா, டீயோடு ஒரு டப்பாவில் கமர்கட்டும் கொண்டு வருவாள். வெல்லமும் தேங்காயும் போட்டுக் கல் மாதிரி உருட்டினது. எங்கள் கை அழுக்கு என்பதால் அவளே வரிசையாக வருவாள். "ஆ காட்டு" என்பாள். காட்டுவோம். ஆளுக்கு ஒன்று வாயில் போடுவாள். அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கரையாது. பசி தெரியாது. தெம்பாக இருக்கும். அது கரைந்து முடியும்போது அடுத்த டீ வரும், அடுத்த கமர்கட்டு வரும். ஒரு நாளைக்கு மூன்று. டீ நாலு, சர்க்கரை தூக்கலாக. மத்தியானச் சோறு என்று ஒன்று எனக்குக் கிடையாது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் சாப்பாடு.

பதினெட்டு வருஷம் அப்படி.

சின்னவள் மட்டும் வாயைக் காட்டமாட்டாள். "எனக்கு வேணாங்கா, இனிப்பு வாயில கெடந்தா ஒமட்டுது" என்பாள். பதினொன்றரை மணிக்கு எழுந்துவிடுவாள். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவி, கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பாள். சோறு, நெத்திலிக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், ஒரு முட்டை, சில நாள் ஒரு கொய்யாக்காய். நெத்திலியை முள்ளோடு மென்று தின்பாள். சாப்பிட்டு முடித்து நிதானமாக வாயைக் கொப்பளித்துவிட்டு வருவாள். அதற்குள் அரை மணி நேரம் போயிருக்கும். அந்த அரை மணியில் நான் ரெண்டு கிலோ கூடுதலாக உரித்திருப்பேன்.

அதில் எனக்கு ஒரு பெருமை. "இன்னாடி, மகாராணி சாப்ட்டு முடிச்சியா? பாயி தலகாணி கொண்டாரட்டா?" என்று மேசையிலிருந்து குரல் கொடுப்பேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அந்தப் பல்லைக் காட்டிக்கொண்டு.

எனக்கு முதலில் பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தது. சூடு என்று நினைத்தேன். அப்புறம் ஈறு வீங்கியது, வாயில் நாற்றம் வந்தது. வீட்டுக்காரரிடம் பேசும்போது முந்தானையை வாய்க்குக் குறுக்கே பிடித்துக்கொள்வேன். பல் ஆட ஆரம்பித்ததும் எனக்குப் பயம் பிடித்துவிட்டது: கெட்ட வியாதியாக இருந்தால்? அதனால் டாக்டரிடம் போகவில்லை. போனால் சொல்லிவிடுவார்கள் அல்லவா. கடிக்க வலிக்கிறது என்று கடினமானதை எல்லாம் விட்டேன். கீரை நார் பல் இடுக்கில் மாட்டுகிறது என்று கீரையை விட்டேன். பழம் கூசுகிறது என்று பழத்தை விட்டேன். முள் குத்தும் என்று சின்ன மீனை விட்டேன். கடைசியில் டீயில் நனைத்த பன், ரவைக் கஞ்சி, சர்க்கரை தொட்டு இட்லி. பச்சைக் குழந்தை சாப்பாடு. அதில் ஈறு தேறும் என்று நம்பினேன். அது இன்னும் இளகிப் போனது.

இந்தச் சமயத்தில்தான் சின்னவளிடம் ஏதோ ரகசியம் இருக்கிறது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. டிபன் பாக்ஸோடு ஒரு காகிதப் பொட்டலம் கொண்டு வருவாள். சாப்பிடப் போகும் முன் அதை எடுத்துக்கொண்டு குழாயடிச் சுவருக்குப் பின்னால் போவாள். ஒரு நாள் நானும் டீ கிளாஸ் கழுவுகிற சாக்கில் போனேன். எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். கையை வாய்க்கிட்ட வைத்திருந்தாள். கீழே பிழிந்த எலுமிச்சை மூடி கிடந்தது. காற்றில் அந்த வாசனை.

ஓ, இதுதானா என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுப் பல்லிலும் ஈறிலும் தேய்க்க ஆரம்பித்தேன். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. மருந்து வேலை செய்தால் எரியத்தானே செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொள்ளக்கூட முடியாமல் பொறுத்தேன். ரெண்டு மாதம். பச்சைத் தண்ணீர் குடித்தால்கூட மண்டை வரைக்கும் கூச ஆரம்பித்தது. அவளுக்குப் பலித்தது எனக்குப் பலிக்கவில்லையே என்று அதற்கும் ஒரு பொருமல்.

கடைசியில் மகள்தான் பிடித்துவிட்டாள். வாஷ்பேசினில் ரத்தத்தைப் பார்த்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, திருவொற்றியூர் மெயின் ரோட்டில் மொபைல் கடைக்கு மேலே இருக்கிற அந்தப் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

"ஆ காட்டுங்கம்மா" என்றார் டாக்டரம்மா.

டீக்கார அக்கா மாதிரியே சொன்னார். எனக்கு வாய் தானாகத் திறந்தது.

விளக்கை இழுத்து வைத்து, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கம்பியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். கதவோரத்தில் ரெண்டு பேரும் எட்டிப் பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது.

"வெத்தலை, புகையிலை?"

தலையை ஆட்டினேன். இல்லை.

"அப்போ இனிப்பு? வாயில எதையாவது அடக்கி வைப்பீங்களா? இடது பக்கம் கடைவாய் எல்லாம் சொத்தையாகிக் கிடக்கே."

நான் சொல்லுவதற்குள் சின்னவள் சொல்லிவிட்டாள். "கமர்கட்டு டாக்டர். ஒரு நாளைக்கி மூணு. ஷெட்டுல அல்லாருக்கும் அதான் நாஸ்டா, அதான் சோறு."

"எத்தனை வருஷமா?"

"பதினெட்டு."

உதவிப் பெண் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இனிப்பு எவ்வளவு சாப்பிட்டீங்கன்றதவிட, அது வாயில எவ்வளவு நேரம் இருந்துச்சுன்றதுதான் விஷயம்" என்றார். "நாள் முழுக்க கன்னத்துல வெல்லம் ஊறினா பல் எப்படித் தாங்கும்? ஈறுக்கு சாப்பாடு மட்டும் காரணம் இல்ல. பல் அடியில அழுக்கு கல்லு மாதிரி கட்டிக் கிடக்கு. அத எடுக்கணும். ஆனா ஈறு ஆறுறதுக்கு உள்ளே இருந்து சத்து வரணும். நீங்க கீரை, பழம், மீன், முட்டை எல்லாத்தையும் நிறுத்திட்டீங்க. பன்னும் கஞ்சியும் பல்லுல ஒட்டும், ஈறுக்கு ஒண்ணும் குடுக்காது. வலிக்குதுன்னு சத்தான சாப்பாட்ட விட்டீங்க. விட்டதால இன்னும் வலிக்குது."

கெட்ட வியாதியா என்று கேட்டேன். இல்லை என்றார். மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் இல்லை என்றார்.

பிறகு பல்லின் மேல்பக்கத்தைக் கம்பியால் தொட்டார். நான் துள்ளிவிட்டேன். "இது என்னம்மா, மேல்பூச்சே கரைஞ்ச மாதிரி இருக்கு? எதப் போட்டுத் தேய்ச்சீங்க?"

நான் விளக்குப் பக்கம் முகத்தைத் திருப்பினேன்.

"சொன்னாதானேம்மா தெரியும்."

"எலுமிச்ச மூடி" என்றேன். "உப்பு."

"ஐயோ! அது புளிப்பு, பல்ல அரிச்சிடும். யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கதவுப் பக்கமிருந்து "அக்கா!" என்று ஒரு குரல்.

"அக்கா, நீ அந்தக் கொழாயாண்ட வந்தியே, கிளாஸு கழுவறேன்னு... அதப் பாத்தா? அய்யோ அக்கா, அது கைக்குக்கா! எறா கவுச்சி போவணுமில்ல, சோத்துல கை வெக்கணுமில்ல! போச்சா இல்லியான்னு மோந்து பாத்துகினு இருந்தேன்கா!"

கைக்கு எலுமிச்சை தேய்ப்பது எனக்குத் தெரியாதா? மீன்காரக் குடும்பத்தில் பிறந்தவள் நான். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நானே புளியைப் போட்டுக் கை கழுவுகிறவள்தான். ஆனால் அன்றைக்கு என் கண்ணுக்கு அவள் கை தெரியவில்லை. அவள் பல்தான் தெரிந்தது.

அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முப்பத்திரண்டும் தெரிய. உதவிப் பெண் சிரித்தாள். என் மகள் முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கண் ஓரமாக நீர் இறங்கிக் காதுக்குள் போனது. வலி என்று நினைத்துக்கொண்டு உதவிப் பெண் பஞ்சைக் கொடுத்தாள்.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. சின்னவளைக் கிட்டே கூப்பிட்டு வாயைப் பார்த்து, "நீங்க பல்ல நல்லாதான் வெச்சிருக்கீங்க. ஆனா முன்பல் ஓரத்துல ஒரு சின்ன விரிசல் இருக்கு பாருங்க, எதக் கடிச்சீங்க?" என்று கேட்டார்.

"நண்டு, டாக்டர். அப்புறம் பால் பாக்கெட்டு."

"கடிக்க வேண்டியது ஓட்ட இல்லம்மா, சதையத்தான். இன்னொரு தரம் பண்ணீங்கன்னா உடைஞ்சிடும்."

எழுத வேண்டும் என்றால் எல்லாவற்றையும் எழுத வேண்டும். அந்த நிமிஷம் எனக்குள் குளுகுளுவென்று இருந்தது. நாலு பல் ஆடுகிற வாயோடு படுத்துக்கொண்டு, அவளுடைய ஒரு விரிசலுக்கு நான் சந்தோஷப்பட்டேன்.

விரலில் குத்திச் சர்க்கரையும் பார்த்தார்கள். எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்கள். நாலில் ரெண்டு பல் தேறாது, எடுத்துவிட வேண்டும். ரெண்டைச் சுத்தம் செய்து, பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டிவைத்தால் நிற்கலாம்; அதுவும் நான் சாப்பிடுகிறதைப் பொறுத்தது. எடுத்த இடத்தில் கழற்றி மாட்டுகிற பல் செட் நிச்சயதார்த்தத்துக்குள் கொடுத்துவிடலாம். எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து ஐந்நூறு.

என் கையில் அந்தப் பணம் இல்லை. தட்டு, சேலை, மண்டபத்து முன்பணம் என்று எல்லாம் போயிருந்தது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று எழுந்தேன். சின்னவள் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பர்ஸை எடுத்து மேசையில் எண்ணி வைத்தாள். முந்தின வாரம் அவள் எடுத்த சீட்டுக் காசு. "அப்பால குடுக்கா" என்றாள். அவ்வளவுதான். ஒரு குத்தல் பேச்சு இல்லை. பதினெட்டு வருஷம் மகாராணி என்று கிண்டல் பண்ணினதை அவள் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியிருந்தால், எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த வாரம் ஷெட்டில் டீக்கார அக்கா வரிசையில் வந்து என் முன்னால் நின்றாள். "ஆ காட்டு."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"இன்னாடி, வெரதமா?"

"பல்லு டாக்டர் வேணான்ட்டாங்கக்கா."

"அடி, ஒண்ணு துன்னா செத்தா பூடுவ?"

பதினொன்றரைக்கு எழுந்தேன். ரெண்டு கிலோ போகிறது, ரெண்டு கிலோ போகிறது என்று மனசு அடித்துக்கொண்டது. குழாயடியில் சின்னவள் தன் எலுமிச்சை மூடியை ரெண்டாகக் கிழித்து ஒரு பாதியை நீட்டினாள். "கைக்குக்கா" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். நானும் தேய்த்தேன். மோந்து பார்த்தேன். இன்னொரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழைய வேகவைத்த கீரை, முள் எடுத்த மீன், முட்டை. கொய்யாவைத் துருவி எடுத்து வந்திருந்தேன். அவள் முழுசாகக் கடித்தாள். அந்தச் சத்தம் இப்போதும் எனக்குப் பிடிக்காது.

ரெண்டு பல் போனது. ரெண்டு நின்றது. ஈறில் ரத்தம் வருவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நிச்சயதார்த்தத்தில் நான் சிரித்தேன், பல் செட் நழுவிவிடுமோ என்று நாக்கை முட்டுக் கொடுத்துக்கொண்டு. போட்டோ வந்ததும் முதலில் என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். விரிசல் தெரிகிறதா என்று பெரிசாக்கிப் பார்த்தேன். தெரியவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு நண்டு. மகள் வழக்கம்போல ஒரு காலை எடுத்துச் சித்தி பக்கம் நீட்டினாள். சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். "எனக்கும் தடா போட்டாங்கடி." நான் எழுந்து போய் இஞ்சி நசுக்குகிற சின்னக் கல்லுரலைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். அந்தக் காலை வாங்கி, உலக்கையால் ஒரு தட்டு. ஓடு விட்டுக்கொண்டது. உள்ளே இருந்த வெள்ளைச் சதையை எடுத்து மகளிடம் நீட்டினேன். கல்யாணம் ஆகப்போகிற பெண். கையில்தான் வாங்குவாள் என்று நினைத்தேன். வாயைத் திறந்து காட்டினாள்.

சின்னவளும் ஒரு காலை எடுத்து உரலில் வைத்தாள். என் வேலையை மறுபடி அவள் பிடுங்கிக்கொள்ளக் கூடாதே என்று நான் உலக்கையைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். அப்புறம் கொடுத்தேன்.

இப்போது என் கூலி முன்னைவிடக் குறைவு. அரை மணி சோற்றுக்குப் போய்விடுகிறது. அதனால் அவள் பணத்தை ஐந்நூறு ஐந்நூறாகத்தான் கொடுக்க முடிகிறது. எட்டு தரம் கொடுத்துவிட்டேன். அவள் எண்ணிப் பார்க்காமல் வாங்கிப் பர்ஸில் போட்டுக்கொள்கிறாள், எவ்வளவு மிச்சம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எண்ணாமல் பணம் வாங்குகிற மனசு ஒருத்திக்கு எங்கிருந்து வருகிறது என்று அதற்கும் எனக்கு எரிகிறது. காலையில் கண் திறப்பதற்கு முன்னால் நாக்கால் அந்த ரெண்டு பல்லையும் தொட்டுப் பார்த்துவிட்டு, அவளுக்காக நானே எண்ணி வைத்துக்கொள்கிறேன்: இன்னும் தர வேண்டியது ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.